டோரிஸைத் தேடி வந்த ஆள்

இப்போதெல்லாம் ஜோகன்னஸ்பர்க்கில் ஆண்டு தவறாமல் ஊர்வலம் போகிறது. லாரியில் பாட்டு, பலூன், பீர் கம்பெனிக் கொடி, தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் ஜோடிகள். செல்லோ மொலாபோ நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பான். வயதாகிவிட்டது, முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. சின்ன வயசுக்காரர்கள் வந்து சுற்றி உட்கார்ந்து, முதல் ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். சொல்வான். மழையில் நனைந்ததையும், போலீஸ்காரன் ஒருவன் எண்ணத் தெரியாமல் எண்ணியதையும் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்புவான். அதற்கு அடுத்த சில வாரங்களைப் பற்றி அவர்களுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அவனாகவும் சொன்னதில்லை.

அந்தக் காலத்தில், ஆணை விரும்பிய ஆண்களான அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாருடைய பெயரையும் கேட்கக் கூடாது. ஊர், வேலை செய்யும் இடம், அப்பா பெயர் எதுவும் கூடாது. நகரத்தின் ஹில்பிரோ பகுதியில் ஹெட்டி வைத்திருந்த முடி அலங்காரக் கடைதான், கதவைச் சாத்திய பிறகு, அவர்கள் சங்கத்தின் அலுவலகம். ஹெட்டியும் ஆண்தான். நல்ல தாட்டியான ஆள், வாய் மட்டும் கத்தரிக்கோலைவிட வேகம். புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் அவன்தான் ஒரு பெண்பெயர் வைப்பான். செல்லோவை மேலும் கீழும் பார்த்து, "உன் மூஞ்சிக்கு டோரிஸ்தான் பொருத்தம். சர்ச்சுல உண்டியல் தூக்குற பொம்பள மாதிரியே இருக்கே" என்றான். அன்றிலிருந்து டோரிஸ்.

விளையாட்டுக்கு வந்த சட்டம் இல்லை அது. அதற்கு முன்பு ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்தது. அவன் தாங்க முடியாமல் தெரிந்த பெயரையெல்லாம் சொல்லிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. ஆனால் ஒரு வாத்தியாருக்கு வேலை போயிற்று. இன்னொருவனின் சாமான்களை அவன் அப்பாவே தெருவில் தூக்கி எறிந்தார். மூன்றாவது ஆள் கயிற்றில் தொங்கினான். தெரியாத பெயரை எவ்வளவு அடித்தாலும் வாங்க முடியாது என்று ஹெட்டி சொன்னான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மேபலும் அப்படித்தான் வந்து சேர்ந்தான். உயரமான ஆள், காதில் பெரிய துளை, வந்த அன்று கடை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை கேட்க வந்தவன்போல நின்றான். சுலு இனத்து ஆள் என்பது மட்டும் பேச்சில் தெரிந்தது. ஹெட்டி மேபல் என்று பெயர் வைத்ததும் அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். செல்லோவுக்கு அந்தச் சிரிப்பில்தான் மனசு போனது.

செல்லோ அப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தான். மொட்டைமாடியில் வேலைக்காரர்களுக்கென்று கட்டிய வரிசை அறைகளில் ஒன்று அவனுடையது. கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, உள்ளங்கை அகல ஜன்னல். சனிக்கிழமை மத்தியானம் மேபல் வருவான், ஞாயிறு சாயங்காலம் ரயிலுக்குப் போவான். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. புருஷன் பெண்டாட்டி மாதிரிதான் இருந்தார்கள், சண்டை உட்பட. சோளக்களி அடிப்பிடித்தால் சண்டை, சட்டையை ஊறவைக்காமல் போட்டால் சண்டை. ஒரே ஒரு முறை செல்லோ சட்டத்தை மீறப் பார்த்தான்.

"உன் நெஜப் பேரு என்ன?"

"பேரைச் சொன்னா ஊரைக் கேப்பே. ஊரைச் சொன்னா அம்மாவப் பாக்கணும்பே."

"பாத்தா என்ன? கடிச்சுடுவாங்களா?"

"அவங்க கடிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மேபல் களியைப் பிசைந்தான். அதற்கு மேல் செல்லோ கேட்கவில்லை. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான். நமக்குக் காலம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

இருபத்தேழு வருஷச் சிறையிலிருந்து கறுப்பு மக்களின் தலைவர் வெளியே வந்த வருஷம் அது. நாடே கைகோத்து ஆடிக்கொண்டிருந்தது, கூடவே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டும் இருந்தது. எல்லோரும் உரிமை கேட்கிறார்கள், நாமும் தெருவில் இறங்கிக் கேட்போம் என்று சங்கத்தில் முடிவாயிற்று. முகம் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தவர்களுக்காக மளிகைக் கடைக் காகிதப் பைகளை வாங்கிவந்தார்கள். கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டை வெட்டியது செல்லோதான். மேபலின் தலை பெரிது, பைக்குள் போகாது. இரண்டு பைகளைக் கிழித்து ஒட்டி அவனுக்கென்று தனியாக ஒன்று செய்தான்.

ஊர்வலத்தன்று வானம் மூடிக்கிடந்தது. பாதி வழியில் தூறல். நடைபாதையில் நின்ற சிலர் கைதட்டினார்கள், சிலர் காறித் துப்பினார்கள், ஒரு கிழவி பைபிளைத் தூக்கிக் காட்டினாள். மேபல் முன்வரிசையில் பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தலையில் பையோடு, வேட்டைக்குப் போகிற சுலுக்காரன்போல முழங்காலைத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டே போனான். பக்கத்தில் நடந்த செல்லோவுக்குப் பயம்தான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தான். அதற்கு முன்னும் பின்னும் அவன் அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. கோழிக்காலும் களியும் சாப்பிட்டுவிட்டு மேபல் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அன்று சாயங்காலம் கிழக்கே போகிற ரயிலில் ஒரு கும்பல் ஏறி, கண்ணில் பட்டவர்களை வெட்டி, ஓடுகிற பெட்டியிலிருந்து வெளியே தள்ளியது. அந்த நாட்களில் இப்படி அடிக்கடி நடக்கும். யார் செய்தது, எதற்குச் செய்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். திங்கட்கிழமை வானொலியில் கேட்டபோது செல்லோவுக்குத் திக்கென்றது. ஆனால் எங்கே போய்க் கேட்பது? சனிக்கிழமை வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். சனிக்கிழமை வந்தது, மேபல் வரவில்லை.

இரண்டு ஆஸ்பத்திரியில் தேடிவிட்டு, அதற்கு அடுத்த வாரம் அரசாங்கப் பிணவறைக்குப் போனான். அங்கே கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த எழுத்தர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பேரு?"

"செல்லோ மொலாபோ."

"உன் பேரு எனக்கெதுக்கு? செத்தவன் பேரு."

மேபல் என்று சொல்லவா முடியும்?

"என் அண்ணன் சார். ரயில்ல போனான்."

"அண்ணனுக்குப் பேரு வைக்கலையா உங்க வீட்டுல?"

வாயில் வந்த பெயர் ஒன்றைச் சொன்னான். எழுத்தர் கூண்டை விட்டு எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ரயிலில் செத்தவர்களில் சிலரை இன்னும் யாரும் கேட்டு வரவில்லை. மூன்றாவது இழுப்பறையில் மேபல் இருந்தான். காதின் பெரிய துளை தெரிந்தது. முகத்தில் ஒரு பக்கம்தான் முகமாக இருந்தது. செல்லோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுதால் தம்பி அழுவதுபோல அழ வேண்டும், வேறு மாதிரி அழுதுவிடக் கூடாது என்று அந்த நேரத்திலும் யோசிக்க வேண்டியிருந்தது. இதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு வேறென்ன இருக்கிறது?

"இவன்தானா?" என்றார் எழுத்தர்.

"ஆமா சார்."

"அப்ப அவனோட அடையாளச் சீட்டு, உன்னோடது, ரெண்டும் கொண்டா. சர்ச்சுல இருந்தோ, ஊர்த் தலைவர்கிட்ட இருந்தோ ஒரு சீட்டு வாங்கிட்டு வா. இல்லைன்னா மாசக் கடைசியில கார்ப்பரேஷன் குழியிலதான் போடுவாங்க. ஒரு குழியில நாலு பேரு."

"கைரேகை எடுத்திருப்பீங்களே சார். பேரு அதுல தெரியாதா?"

"பிரிட்டோரியாவுக்கு அனுப்பியாச்சு. பதில் வர்றதுக்குள்ள புல்லு முளைச்சுடும்."

உயிரோடு இருந்தவரை கறுப்பு மனிதன் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நின்றான் என்பதைக்கூட ரேகையை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிற சர்க்கார் அது. செத்துவிட்டால் மட்டும் அவசரம் ஒன்றும் இல்லை.

அன்று மாலை ஹெட்டியின் கடையில் கூடினார்கள். மேபலைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தெரிந்தவர்கள் என்று சொல்வதே சிரிப்புதான், ஒருவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஊர்வலத்துக்கு மறுநாள் வந்த பத்திரிகையை ஹெட்டி வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தான். முன்வரிசையில், கால் தூக்கி, பதாகை பிடித்துக்கொண்டு மேபல். தலையில் காகிதப் பை. அவனை எடுத்த படம் அது ஒன்றுதான். அதை எந்த ஊரில் எந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

"உன் பேரையே போட்டு எடுத்துடு. நம்ம ஆளை நாம புதைப்போம். சீட்டு வேணும்னா எனக்குத் தெரிஞ்ச பாதிரி ஒருத்தரு இருக்காரு" என்றான் ஹெட்டி.

"மொலாபோன்னு புதைச்சா அவன் வீட்டுக்காரங்க எந்தக் காலத்துல கண்டுபிடிப்பாங்க?"

"கார்ப்பரேஷன் குழியில மட்டும் கண்டுபிடிப்பாங்களா? யோசிடி டோரிஸ்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஜூன் அப்போதுதான் வாயைத் திறந்தான். அவனும் சுலு, மேபலைவிட மூத்தவன். "குழி ஒரு பிரச்சினை இல்ல. எங்க வழக்கத்துல, வெளியூர்ல செத்தவன அப்படியே விட முடியாது. இலந்தைக் கொம்பு ஒண்ணு வெட்டி எடுத்துக்கிட்டு, செத்த இடத்துக்குப் போகணும். பேரையும் குலப்பேரையும் சொல்லி, வா வீட்டுக்குப் போகலாம்னு கூப்பிடணும். அவன் அந்தக் கொம்புல வந்து ஏறிக்குவான். பேரு இல்லாம எப்படிக் கூப்பிடுவே? மேபல்னு கூப்பிட்டா, யாரையோ கூப்பிடுறாங்கன்னு அவன் பாட்டுக்குத் தண்டவாளத்துலயே நிப்பான்."

சட்டம் போட்ட ஹெட்டி, கையில் இருந்த சீப்பையே பார்த்துக்கொண்டு இருந்தான். பேச்சை மாற்றத்தான் அவன் அடுத்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

"உங்க ஆளுங்கன்னாலே எனக்கு உதறுது ஜூன். முந்தாநாள் ஒருத்தன் வந்தான் பாரு, மலையாட்டம். கையில தடி. டோரிஸ் எங்கேன்னு கேட்டான். அப்படி யாரும் இங்க இல்ல, இது மரியாதையான கடைன்னு வெரட்டிவிட்டேன்."

செல்லோ நிமிர்ந்தான். "என்னையா? என்னன்னு கேட்டான்?"

"டோரிஸ்னு ஒரு பொண்ணு, முடிக்கடைப் பக்கம் இருக்காளாம். வந்தா ரயில்பாதை ஓரத்து ஆம்பளை விடுதிக்குத் தகவல் சொல்லணுமாம். பேரு பெகின்னு சொன்னான். ஏதோ போலீஸ் ஆளுன்னு நெனச்சேன்."

"காது எப்படி இருந்துச்சு?"

"என்ன காது?"

"காதுல பெரிய தொளை இருந்துச்சா?"

ஹெட்டி சீப்பைக் கீழே வைத்தான். "இருந்துச்சு" என்றான்.

செத்தவன் பெயரைத் தேடி இவர்கள் அலைகிறார்கள். அவன் பெயர் தெரிந்தவன் இவர்கள் வாசலுக்கே வந்து நின்றிருக்கிறான், விரட்டி அடித்திருக்கிறார்கள். சட்டத்தை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார்கள். செல்லோவுக்கு ஹெட்டியை அறைய வேண்டும்போல இருந்தது. அந்த இடத்தில் இருந்திருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்பான் என்பதும் தெரிந்தது. அதனால் அறையவில்லை.

சுலு ஆட்கள் மட்டும் தங்கிய அந்த விடுதிக்கு வெளி ஆட்கள் போகிற காலம் இல்லை அது. போனவன் திரும்பிய கதைகள் குறைவு. செல்லோ சோத்தோ இனத்தவன் வேறு. மறுநாள் காலையில் வேலைச் சீருடையோடு, கையில் ஒன்றும் இல்லாமல், நேராக வாசலுக்குப் போய், பெகியைப் பார்க்க வேண்டும் என்று சுலுவில் சொன்னான். உள்ளே வரிசை வரிசையாகக் கட்டில்கள், கரிப்புகை, காய்கிற சட்டைகள். ஒரு கட்டிலில் விரிப்பை மடித்து, அதன்மேல் ஒரு தொப்பி வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேபல் மாட்டிக்கொண்டு போன தொப்பி இல்லை, இன்னொன்று. செல்லோ அதிலிருந்து கண்ணை எடுக்கப் பாடுபட்டான்.

பெகி மேபலின் அதே உயரம், அதே காது, சிரிப்பு மட்டும் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். விடுதிப் பெரியவர் வந்து அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ யாரு தம்பி?" என்றார் பெரியவர்.

"டோரிஸ் இருக்கற கட்டடத்துல துப்புரவு வேலை பாக்கறேன் பாபா." பொய் ஒன்றும் இல்லை.

பெகி தலையைத் தூக்கினான். "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"அழுதுகிட்டு இருக்கா."

"பாவம். எங்க அம்மாவுக்குக்கூட அவளத் தெரியும். கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தப்ப பூரா அவ பேச்சுதான். டோரிஸ் களி கிண்டுனா கட்டியே விழாது, டோரிஸ் கோவக்காரி, சட்டைய ஊறப்போடலைன்னா வீட்டுக்குள்ள விட மாட்டா அப்படின்னு. அவ திட்டுறது காதுல விழலைன்னா எனக்கு வாரமே விடியாதுன்னான். அப்ப கட்டிக்கடான்னேன். பாக்கலாம்ணே, பாக்கலாம்ணேன்னு தள்ளிக்கிட்டே போனான்."

செல்லோ குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டான். இரண்டு வருஷத்தில் மேபல் அவனிடம் ஒரு நல்ல வார்த்தை நேராகச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கொண்டுபோய் அங்கே சொல்லியிருக்கிறான்.

"ஓடுற ரயில்ல இருந்து தள்ளியிருக்கானுங்க. எந்த எடத்துல உசிரு போச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் பெரியவர். "கடைசியா சாப்பிட்டு எழுந்த எடத்துல இருந்தே கூப்பிடுங்க. அந்தப் பொண்ணு வீடுதானே அது? அவளையும் வண்டியில ஏத்திக்கங்க. கல்யாணம் ஆகலைன்னாலும் அவன் பொண்ணுதான். அவ வராம எப்படிப் பொதைக்கறது?"

பெகி தலையாட்டினான். "நாளைக்குப் பொணத்த எடுத்துடறேன். வெள்ளிக்கெழமை வர்றோம்னு அவகிட்ட சொல்லிடு தம்பி."

செல்லோ சரி என்று சொல்லிவிட்டு வந்தான். பெயர் என்ன என்று மட்டும் கேட்க முடியவில்லை. கட்டடத்துத் துப்புரவுக்காரனுக்கு அது எதற்கு?

விஷயத்தைக் கேட்டதும் ஹெட்டிக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. செய்த தப்புக்கு ஈடு செய்ய வேண்டும் என்று துடித்தான். மொட்டைமாடியில் பக்கத்து அறையில் இருந்த எவெலின் என்கிற வீட்டுவேலைக்காரியைப் பேசிச் சரிக்கட்டினான். சுலு வழக்கப்படி செல்லோவின் கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, தரையில் மெத்தை போட்டு, தலையிலிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவள் துக்கப் பெண்ணாக உட்கார வேண்டியது. அவள்தான் டோரிஸ். வாயை அதிகம் திறக்க வேண்டாம். வண்டியில் ஏறச் சொன்னால், முதலாளியம்மா விட மாட்டாள் என்று சொல்லி அழ வேண்டும். செல்லோ மறுக்கவில்லை. விடுதி ஆட்கள் கையில் என்ன இருக்கும் என்று அவன் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலையில் எவெலின் மெத்தையில் உட்கார்ந்து கம்பளியைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்த ஆளு உள்ள வந்ததும் தேம்பணுமா, சத்தமா அழணுமா?"

"உன் இஷ்டம்."

"அவருக்கு என்ன பிடிக்கும், என்னன்னு ஏதாவது சொல்லி வையேன். கேட்டா சொல்லணும்ல."

செல்லோ சொல்ல ஆரம்பித்தான். கோழிக்கால் பிடிக்கும். மழை பிடிக்காது. தூங்கும்போது சுவர்ப் பக்கம்தான் படுப்பான். இவ்வளவையும் சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு, இதெல்லாம் எவெலினுக்குப் போய்விடுகிறது என்று தோன்றியது. மேபலின் அம்மா கேட்டுக் கேட்டு வைத்திருக்கிற டோரிஸும், அந்தக் கட்டி விழாத களியும், கோபமும் எல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பொம்பளையுடையதாகிவிடும். அவனுக்கு மிஞ்சுவது துடைப்பம். ஊர்வலத்தில் அவ்வளவு தூரம் கத்திக்கொண்டு போனது எதற்கு?

"எந்திரி எவெலின். உன் ரூமுக்குப் போ."

"கிறுக்கா உனக்கு? கொன்னு போட்டுடுவாங்க."

"போன்னா போ."

அவள் கம்பளியை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

பெகி மட்டும்தான் மாடிக்கு வந்தான். மற்றவர்கள் கீழே வண்டியில் சவப்பெட்டியோடு இருந்தார்கள். கையில் இலைகளோடு கூடிய இலந்தைக் கொம்பு. வாசலில் நின்று, உள்ளே ஒரு பெண்ணை எதிர்பார்த்து, முதலில் இருமினான். பிறகு குனிந்து நுழைந்தான்.

"டோரிஸ் எங்கே?"

"நான்தாண்ணே."

பெகிக்குப் புரியவில்லை. புரிய ஆரம்பித்தபோது அவன் கண் அறையைச் சுற்றியது. ஆணியில் தொங்கிய தம்பியின் நீலச் சட்டை. அடுப்போரம் இரண்டு குவளைகள். சுவரோரம் மடித்து வைத்த தலையணை. கொம்பைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்தது. செல்லோ கண்ணை மூடிக்கொண்டான். அடி விழட்டும் என்றுதான் மூடினான்.

அடிக்குப் பதில் குரல்தான் வந்தது. "கடைசியா என்ன சாப்பிட்டான்?"

"களியும் கோழிக்காலும்."

"எங்க ஒக்காந்து?"

செல்லோ காட்டினான். ஜன்னலுக்குக் கீழே, சிமெண்டுத் தரை. பெகி அங்கே மண்டியிட்டு, கொம்பைத் தரையில் வைத்து, குரலை உயர்த்தாமல், பெயரையும் குலப்பெயர்களையும் சொல்லிக் கூப்பிட்டான். "வெலாபி. ம்சூனு. மசிங்வானே. பகாடே. நான் பெகி வந்திருக்கேன். இங்க இருக்காதே. அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க. வா, போகலாம்."

வெலாபி. செல்லோ அந்தப் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். அவ்வளவு நெருக்கமாக இருந்தவனின் பெயரை, அவன் இல்லாத அறையில், அவன் அண்ணன் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.

பெகி கொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தான். செல்லோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம்தான் ஜூன் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. கூப்பிட்டு முடித்தபின், ஊர்போய்ச் சேரும்வரை கொம்பைச் சுமக்கிறவன் அதிலிருக்கிற ஆளிடம் தவிர வேறு யாரிடமும் பேசக் கூடாது. பெகி அவனைப் பார்க்காமல் படியிறங்கினான். செல்லோ கம்பளியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் இறங்கினான்.

கீழே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. விடுதி ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெகி முன்வரிசையில் ஏறி, பக்கத்து இடத்தில் கொம்பை வைத்தான். அதற்கு அடுத்தாற்போல் ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் ஒரு துண்டு விரித்துப் போட்டிருந்தார்கள்.

"பொண்ணு எங்கேப்பா?" என்று ஓட்டுநர் செல்லோவைக் கேட்டார். "அவளுக்குத்தான் எடம் விட்டு வச்சிருக்கோம். சீக்கிரம் வரச் சொல்லு, தூரம் போகணும்."

செல்லோ பெகியைப் பார்த்தான். வண்டி முழுக்க ஆண்கள். சிலர் கையில் தடி. உண்மையை இங்கே சொன்னால் என்ன நடக்கும் என்று பெகிக்கும் தெரியும், செல்லோவுக்கும் தெரியும். ஒருவேளை அவனைக் காப்பாற்றத்தான் பெகி அப்படி நேரே பார்த்துக்கொண்டு இருந்தானோ என்னவோ. இல்லை, அருவருப்பாகவும் இருக்கலாம். இன்றுவரை செல்லோவுக்கு அது தெரியாது. பேசக் கூடாது என்பதுதான் வழக்கம். தலையசைக்கக் கூடாது என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. செல்லோ அந்தத் தலை ஒரு முறை அசையுமா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, வர்றாளா இல்லையா?"

"அவ வரல" என்றான் செல்லோ. "இந்தக் கம்பளிய மட்டும் பெகி அண்ணனோட அம்மாகிட்ட குடுத்துடுங்க. டோரிஸ் குடுத்தான்னு சொல்லுங்க."

ஓட்டுநர் கம்பளியை வாங்கி அந்தக் காலி இடத்தில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.